மவுஸ் மேலே வந்தால் படம் மாற வேண்டும்: ஜேக்வெரியிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்துக்கு இணையக் கேட்டலாக் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் 24 டி-ஷர்ட்டுகள். ஒன்றின் மேல் மவுஸ் வந்தால் முன்பக்கப் படம் போய்ப் பின்பக்கப் படம் வர வேண்டும். அடியிலிருந்து ஒரு பட்டை எழுந்து துணி வகை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), அளவுகள், குறைந்தபட்ச ஆர்டர் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேக்வெரியில், மவுஸ் மேலே வந்ததையும் போனதையும் கவனிக்கும் ஹோவர் முறையில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு கோளாறுகள் சொல்கிறீர்கள். பட்டை துடிக்கிறது. மவுஸை வேகமாக ஓட்டினால், அது போன பிறகும் பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்தி வந்த படங்களுக்கு எதுவும் நடப்பதில்லை. போனில் இரண்டு முறை தட்டினால்தான் உள்பக்கம் (அந்த டி-ஷர்ட்டின் தனிப்பக்கம்) திறக்கிறது. கடைசியில், ‘இதையெல்லாம் சரிசெய்ய நல்ல ப்ளகின் இருக்கிறதா அண்ணா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ப்ளகின் என்ற தயார்நிலைத் துணை நிரல் எதுவும் வேண்டாம் தம்பி. நான்கு கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. ஆனாலும் ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் தானாகவே போய்விடும். மவுஸ் வந்தது, போனது என்ற செய்தியை மட்டும் ஜேக்வெரி கவனிக்கட்டும். வந்தால் எப்படித் தோன்ற வேண்டும் என்பது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் பொறுப்பு. வாங்குபவருக்கு அவசியமான எந்தத் தகவலும் மவுஸை நம்பி ஒளிந்திருக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் எல்லாமே இதற்குள் அடங்கும்.

நீங்கள் பார்த்துப் படித்த பாடங்கள் எல்லாமே நிறம் மாற்றுவதற்குக் கூட ஜேக்வெரியைக் கூப்பிடுகின்றன. அதற்கு ஒரு காலம் இருந்தது. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, சிஎஸ்எஸ்ஸின் ஹோவரை இணைப்புகளுக்கு மட்டுமே மதித்தது. ஒரு படத்துக்கோ பெட்டிக்கோ எழுதினால் கண்டுகொள்ளாது. ஜான் ரெசிக் 2006-இல் ஜேக்வெரியை வெளியிட்டபோது பாதி உலகம் அந்த பிரவுசரில்தான் உட்கார்ந்திருந்தது. ஆகவே ஒரு பெட்டியின் பின்னணி மாற வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்தான் வழி. மெதுவாக மாற வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி மெதுவாக மாற்றும் சிஎஸ்எஸ் டிரான்சிஷன், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் 2012-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் நுழைந்தது. அந்தக் கட்டாயம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பாடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இப்போது பட்டை துடிப்பதை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஹோவரைக் கட்டியிருப்பது படத்தின் மேல். பட்டை, படத்துக்கு உள்ளே இல்லை; அருகில் தனி எலிமென்டாக (பக்கத்தின் தனி உறுப்பாக) இருந்து, படத்தின் மேல் வந்து படிகிறது. மவுஸ் படத்தின் கீழ்ப்பாதியில் நிற்கிறது என்று வையுங்கள். பட்டை எழுந்து வந்து மவுஸ் முனைக்கு அடியில் நிற்கும். அந்தக் கணமே பிரவுசரின் கணக்கில் மவுஸ் இருப்பது பட்டையின் மேல், படத்தின் மேல் அல்ல. எனவே படத்துக்கு ‘மவுஸ் போய்விட்டது’ என்ற செய்தி வருகிறது, பட்டை இறங்குகிறது. இறங்கியதும் மவுஸுக்கு அடியில் மறுபடி படம். ‘மவுஸ் வந்துவிட்டது.’ பட்டை ஏறுகிறது. கையை அசைக்காமல் நின்றாலும் இது நிற்காது. பிரவுசரின் குற்றமும் இல்லை, ஜேக்வெரியின் குற்றமும் இல்லை. கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் பிசகு. படம், பட்டை இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்து, அந்த அட்டையின் மேல் ஹோவரைக் கட்டுங்கள். பட்டை எவ்வளவு எழுந்தாலும் மவுஸ் அட்டைக்குள்தானே இருக்கிறது, துடிப்பதற்கு வழியில்லை. பட்டைக்கு மவுஸையே தெரியாதபடி சிஎஸ்எஸ்ஸில் பாயின்டர்-ஈவென்ட்ஸை ‘நன்’ என்று போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். துடிப்பு நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பட்டையில் இருக்கும் ‘மாதிரி கேட்க’ பொத்தானும் செத்துப்போகும்.

இந்தத் துடிப்புக் கோளாறுக்கு ஒரு தம்பி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நிச்சயம் சந்திப்பீர்கள். மவுஸ் வந்ததும் அட்டையே எட்டு பிக்சல் மேலே எழும்பும் அலங்காரம் இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. மவுஸ் முனையை அட்டையின் அடி விளிம்பிலிருந்து நான்கு பிக்சல் உள்ளே வைத்துப் பாருங்கள். அட்டை எழும்பும், மவுஸ் வெளியே நிற்கும், அட்டை இறங்கும், மவுஸ் உள்ளே வரும். நடுவில் மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. வெளிப்பெட்டி அசையாமல் நின்று ஹோவரை வாங்கிக்கொள்ள வேண்டும், உள்பெட்டி மட்டும் எழும்ப வேண்டும். அவ்வளவுதான் மருந்து.

மவுஸ் போன பிறகும் ஏறி இறங்குகிற பட்டைகளுக்குக் காரணம், ஜேக்வெரி வைத்திருக்கும் வரிசை. ஒவ்வோர் எலிமென்டுக்கும் அது ஒரு வரிசை வைத்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் அனிமேஷன்களை அதில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துகிறது. நேரம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு அனிமேஷனுக்கு 400 மில்லிவினாடி. ஒருவர் ஓர் அட்டைக்குள் ஐந்து முறை மவுஸை உள்ளே வெளியே ஆட்டினால் பத்து அனிமேஷன்கள் வரிசையில் நிற்கும். அவர் டீ குடிக்கப் போய்விட்டாலும் பட்டை நான்கு வினாடி ஆடி முடித்துத்தான் ஓயும். ஒவ்வொரு அனிமேட்டுக்கும் முன்னால் ஸ்டாப் என்று கூப்பிட்டு, முதல் மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால் காத்திருக்கும் வரிசை அழிந்துவிடும். ஓடிக்கொண்டிருப்பது எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். புதியது அங்கிருந்து தொடங்கும். இரண்டாவது மதிப்பையும் ‘ட்ரூ’ என்று கொடுத்தால் ஓடிக்கொண்டிருப்பது தன் முடிவுக்குத் தாவிவிடும். பட்டை ஏறி இறங்குவதற்கு அது வேண்டாம், கண்ணை உறுத்தும். உங்கள் வாடிக்கையாளர் 1.7-க்கு முந்தைய ஜேக்வெரியை இன்னும் வைத்திருந்தால் வேறொரு தொல்லையும் உண்டு: டாகிள் வகை அனிமேஷனைப் பாதியில் நிறுத்தினால் அது தன் முழு உயரத்தை மறந்து, அடுத்த முறை பாதி வரைதான் எழும்.

இவ்வளவையும் சொன்னேனே தவிர, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையின் பக்கமே போக மாட்டேன். மவுஸ் வந்தால் அட்டைக்கு ஒரு கிளாஸ் (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் ஒரு பெயர்) சேர், போனால் எடு. ஜேக்வெரி செய்வது இந்த இரண்டே வேலை. பட்டை எழுவதை சிஎஸ்எஸ் டிரான்சிஷனிடம் விடுங்கள். அதில் வரிசை என்பதே கிடையாது. பாதி எழுந்த நேரத்தில் கிளாஸ் போய்விட்டால் அந்தப் பாதியிலிருந்தே திரும்பி இறங்கும். உயரத்தையோ மார்ஜினையோ மாற்றாமல் டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டோடு நிறுத்திக்கொண்டால், பிரவுசர் பக்கத்தின் அளவுகளை மறுபடி மறுபடி கணக்கிட வேண்டியதும் இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி வைத்திருக்கும் பழைய கணினியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நிறத்தை அனிமேட்டில் மாற்றப் பார்த்து நடக்கவில்லை என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். வெறும் ஜேக்வெரிக்கு நிறத்தை மெதுவாக மாற்றத் தெரியாது. அதற்குத் தனிக் கூடுதல் வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் அது ஒரே வரி.

அப்படியானால் ஜேக்வெரியே எதற்கு, சிஎஸ்எஸ்ஸின் ஹோவரே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். நிறம், நிழல், பட்டை இவற்றோடு நின்றால் போதும்தான். கிளாஸ் சேர்க்கும் வேலை தேவைப்படுவது, வந்தவர் உண்மையிலேயே பார்க்கிறாரா, கடந்துபோகிறாரா என்று பிரித்தறிய வேண்டிய இடத்தில். காதர்பேட்டைக் கடைக்காரர் தெருவில் போகிற எல்லாருக்கும் மடித்த பனியனை உதறிக் காட்டுவதில்லை. நடை தயங்கியவருக்குத்தான் காட்டுகிறார். பக்கமும் அப்படி நடந்துகொள்ள வேண்டும். பக்கத்தின் மேலிருந்து கீழே இருக்கும் பொத்தானுக்குப் போகிற மவுஸ் வழியில் ஐந்து அட்டைகளைக் கடக்கும். ஐந்தும் படம் மாறிப் பட்டை எழுப்பினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். மவுஸ் வந்ததும் உடனே கிளாஸைச் சேர்க்காமல் 100 அல்லது 150 மில்லிவினாடிக்கு ஒரு டைமர் வையுங்கள். அதற்குள் மவுஸ் போய்விட்டால் டைமரை ரத்து செய்யுங்கள். டைமரின் எண்ணை ஒரே பொது மாறியில் வைக்காமல், ஜேக்வெரியின் டேட்டா முறையில் அந்தந்த அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரே மாறியில் வைத்தால் அடுத்த அட்டையின் எண் முந்தையதை அழித்துவிடும். எதை ரத்து செய்கிறோம் என்றே தெரியாது. பிரையன் செர்ன் எழுதிய ஹோவர்இன்டென்ட் என்ற பழைய ப்ளகின் இதைவிட ஒரு படி மேலே போய், 100 மில்லிவினாடிக்கு ஒரு முறை மவுஸ் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து, நடை தளர்ந்த பிறகுதான் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். பெரிய மெனுக்களுக்கு அது நல்லது. அட்டைகளுக்கு டைமரே போதும்.

மூன்றாவது கோளாறு, ‘மேலும் காட்டு’ அழுத்தி வந்தவை. ஹோவர் முறை, அதைக் கூப்பிட்ட நேரத்தில் பக்கத்தில் இருந்த அட்டைகளோடு மட்டும் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பிறகு பிறந்தவற்றை அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பழைய அட்டைகளுக்கு இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று ஏறிக்கொண்டே போகும். அட்டைகளைத் தாங்கும் வெளிப்பெட்டி மாறுவதே இல்லை அல்லவா? அதன் மேல் ஜேக்வெரியின் ஆன் முறையைக் கூப்பிட்டு, முதலில் ‘மவுஸ்என்டர்’ (மவுஸ் உள்ளே வந்தது), அடுத்து அட்டையின் கிளாஸ் பெயர், அடுத்து ஃபங்ஷன் என்று கொடுங்கள். ‘மவுஸ்லீவ்’ (மவுஸ் வெளியே போனது) என்பதற்கும் அப்படியே. இப்போது இருப்பது, இனி வருவது எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். இந்த ஆன் முறை 1.7 பதிப்பில், 2011-இல் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மவுஸ்ஓவர், மவுஸ்அவுட் இரண்டும் உள்ளே இருக்கும் குழந்தை எலிமென்டிலிருந்து வெளியே தாய் வரைக்கும் ஏறிப்போகும் ஈவென்ட்டுகள், அதாவது பிரவுசர் அனுப்பும் செய்திகள். அதனால் அட்டைக்குள்ளேயே படத்திலிருந்து எழுத்துக்கு மவுஸ் நகர்ந்தாலும் அட்டைக்கு ‘போனது, வந்தது’ என்று இரண்டு செய்திகள் வரும். மவுஸ்என்டர், மவுஸ்லீவ் இரண்டும் அப்படி ஏறுவதில்லை. எல்லையைத் தாண்டினால் மட்டுமே பேசும். ஏறாத ஈவென்ட்டை வெளிப்பெட்டியில் உட்கார்ந்து எப்படிப் பிடிக்க முடியும்? ஜேக்வெரி உள்ளுக்குள் மவுஸ்ஓவரைத்தான் கேட்கிறது. மவுஸ் எந்த எலிமென்டிலிருந்து வந்தது என்று பார்த்து, அது அதே அட்டைக்குள்ளிருந்து வந்திருந்தால் உங்களை எழுப்புவதில்லை. வெளியிலிருந்து வந்திருந்தால் மட்டும் எழுப்புகிறது. நாளைக்கு ஜேக்வெரியை விட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகும்போது இந்த வசதி கூட வராது. வெளிப்பெட்டியில் நேரடியாக மவுஸ்என்டரைக் கேட்டால் அட்டைகளுக்காக அது வாயே திறக்காது. மவுஸ்ஓவரைக் கேட்டு அந்தச் சோதனையை நீங்களே எழுத வேண்டும். நேரமிருந்தால் ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு ஹோவர் சம்பந்தமான எந்தக் கோளாறும் உங்களைப் பயமுறுத்தாது.

பழைய நிரல்களில் ஆன் முறைக்கு ஈவென்ட் பெயராகவே ‘ஹோவர்’ என்று கொடுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது 1.9-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிழைச் செய்தியும் வராது. அந்தப் பெயரில் எந்த ஈவென்ட்டும் வரப்போவதில்லை என்பதால் சும்மா கிடக்கும். அரை நாள் தேட வைக்கும். அதேபோல, ஃபங்ஷனைப் புதிய அம்புக்குறி வடிவத்தில் எழுதினால் உள்ளே ‘திஸ்’ என்பது அட்டையைக் குறிக்காது. ஈவென்ட்டின் கரன்ட்டார்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு வருகிறேன். இதுதான் வியாபாரத்தைக் கெடுக்கிற கோளாறு, மற்ற மூன்றும் அழகுக் குறைவு மட்டுமே. போனில் மவுஸ் இல்லை. ஆனால் மவுஸுக்காக எழுதப்பட்ட பக்கங்கள் ஓட வேண்டுமே என்பதற்காக, விரலால் தட்டினால் மவுஸ்ஓவர், மவுஸ்மூவ், மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக் என்று ஒரு நாடகத்தை பிரவுசர் நடத்துகிறது. ஐபோனின் சஃபாரி அதில் ஒரு கணக்கும் வைத்திருக்கிறது: மவுஸ்ஓவரில் பக்கத்தில் புதிதாக ஏதாவது தோன்றினால், ‘இவர் அதைத்தான் பார்க்க வந்திருக்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு கிளிக்கை அனுப்பாமல் நிறுத்திவிடுகிறது. உங்கள் பட்டை எழுகிறது, இணைப்பு திறப்பதில்லை, இரண்டாவது தட்டு தேவைப்படுகிறது. பல போன்களில் சிஎஸ்எஸ் ஹோவரும் தட்டிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, வேறெங்காவது தட்டும் வரை போகாது.

கருவியின் தன்மையைக் கேட்டறியும் சிஎஸ்எஸ் மீடியா கேள்வியில் ‘ஹோவர் முடியுமா, சுட்டும் கருவி நுணுக்கமானதா’ என்று கேட்க முடியும். ஹோவர் அலங்காரங்கள் அனைத்தையும் அதற்குள் அடைத்துவிடுங்கள். ஜேக்வெரிப் பக்கத்தில், மவுஸ்என்டருக்குப் பதிலாக பாயின்டர்என்டரைக் கேட்டு, ஒரிஜினல்ஈவென்ட்டுக்குள் பாயின்டர்டைப் ‘மவுஸ்’ தானா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். தொடுதிரையும் மவுஸும் சேர்ந்த மடிக்கணினியில் மீடியா கேள்வி ‘ஹோவர் உண்டு’ என்றே சொல்லும். அங்கே விரலா மவுஸா என்று பிரித்துச் சொல்வது இந்த இரண்டாவது சோதனைதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் போன்காரருக்கு ஜிஎஸ்எம்மும் தெரியாது, குறைந்தபட்ச ஆர்டரும் தெரியாது. மொத்த வியாபாரி ஒருவர் முதலில் கேட்பதே ‘160-ஆ, 180-ஆ? சிங்கிள் ஜெர்சியா, பிக்கேவா?’ என்றுதான். அதைப் பட்டைக்குள் ஒளித்து வைப்பது தப்பு, போனில் மட்டுமல்ல, கணினியிலும். துணி வகை, ஜிஎஸ்எம், குறைந்தபட்ச ஆர்டர் மூன்றும் படத்துக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். பின்பக்கப் படமும் ‘மாதிரி கேட்க’ பொத்தானும் மட்டும் ஹோவருக்குப் போகட்டும். இரண்டும் உள்பக்கத்திலும் இருப்பவைதானே, பார்க்க முடியாதவருக்கு நட்டம் இல்லை. நிறுவனத்தார் ‘பக்கம் நெரிசலாகத் தெரிகிறதே’ என்பார்கள். சொல்லட்டும். விலை கேட்டு வருகிற போன் அழைப்புகளில் பல, பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டிய தகவலுக்காக வருபவை என்று எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

விசைப்பலகையில் டேப் அழுத்தி வருபவரையும் இதே கையோடு கவனித்துவிடலாம். மவுஸ்என்டரோடு ஃபோகஸ்இன், மவுஸ்லீவோடு ஃபோகஸ்அவுட் என்று ஒரே வரியில் இடைவெளி விட்டு எழுதினால் ஆன் முறை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். வெளிநாட்டு பையர்கள் பார்க்கும் தளம் என்றால், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதிகளைக் கேட்பார்கள். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இல் ஹோவரில் தோன்றுபவற்றுக்கென்றே ஒரு விதி இருக்கிறது: மவுஸை நகர்த்தாமலே (எஸ்கேப் விசை போன்ற ஒன்றால்) மூட முடிய வேண்டும், தோன்றியதன் மேல் மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், பார்ப்பவர் விலகும் வரை அது தானாக மறையக் கூடாது. பட்டை அட்டைக்குள்ளேயே இருப்பதால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏற்கெனவே சரியாகிவிட்டன. எஸ்கேப்பை மட்டும் எழுதுங்கள்.

படம் மாற்றுவதில் இரண்டு நுணுக்கங்கள். பின்பக்கப் படத்தை மவுஸ் வந்த பிறகு இறக்கத் தொடங்கினால், முதல் முறை வெள்ளையாக ஒரு மின்னல் வெட்டும். முன்னதாகவே எல்லாவற்றையும் இறக்கினால், ஒரு படம் 80 கேபி என்று வைத்தாலும் 24 அட்டைக்கு ஏறத்தாழ 1.9 எம்பி கூடுதல். போன்காரர் ஒருபோதும் பார்க்காத படங்களுக்கு அவருடைய டேட்டா போகும். நடுவழி இது: படத்தின் முகவரியை டேட்டா பண்பில் வைத்திருங்கள், மவுஸ் வந்ததும் நினைவில் ஒரு படத்தை உருவாக்கி இறக்குங்கள், முழுதாக இறங்கிய பிறகு மாற்றுங்கள். மாற்றும் கணத்தில், அட்டையில் அந்தக் கிளாஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பார்க்காவிட்டால், மவுஸ் போய் ஒரு வினாடி கழித்துப் படம் வந்து சேர்ந்து, ஆள் இல்லாத அட்டை தானாகத் திரும்பி நிற்கும்.

இன்னொன்று, படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. ரிப், பிக்கே போன்ற துணிகளில் பின்னல் கோடுகள் மிக நெருக்கமானவை. அத்தகைய படத்தைச் சுருக்கும்போதும் பெரிதாக்கும்போதும் துணியில் இல்லாத அலைக்கோடுகள் திரையில் தோன்றும். வாங்குபவர் அதைப் பின்னல் குறை என்று நினைத்துவிடுவார். பெரிதாக்கும் வித்தையை விட்டுவிட்டு, துணியை அருகில் வைத்து எடுத்த ஒரு தனிப்படத்தை உள்பக்கத்தில் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் பழைய நிரலில் ஹோவர் முறை இருக்கும் இடங்களைக் கண்டு அவசரப்பட வேண்டாம். 3.3 பதிப்பிலிருந்து அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆவணம் சொல்கிறது. 3 வரிசையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தொடுகிற இடத்தை மட்டும் ஆன் முறைக்கு மாற்றிக்கொண்டு போங்கள். சோதிக்கும்போது குரோமின் டெவலப்பர் கருவியில் ஹோவர் நிலையைக் கட்டாயப்படுத்தும் வசதியை நம்பிவிடாதீர்கள். அது சிஎஸ்எஸ் ஹோவரை மட்டும்தான் எழுப்பும், மவுஸ்என்டர் எதையும் அனுப்பாது, எனவே உங்கள் கிளாஸ் சேராது. உண்மையான மவுஸால் அடி விளிம்பிலும் மூலையிலும் ஆட்டிப் பாருங்கள். போனுக்கு உண்மையான ஐபோன் ஒன்றும் ஆண்ட்ராய்டு ஒன்றும் யாரிடமாவது வாங்கித் தட்டிப் பாருங்கள். இரண்டாவது தட்டு கேட்கும் கோளாறு கணினியில் போன் வடிவம் போட்டுப் பார்த்தால் தெரியாது.